ஒரு வாய்க்கு மட்டும் உரிய சொல்

அந்தச் சொல்லை நான் வாய்விட்டுச் சொல்லி ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. எழுதினால் குரல் கேட்காது என்கிற தைரியத்தில்தான் இப்போது எழுதுகிறேன். சொல் இதுதான்: ஆரியா. அந்தக் காலத்து மேடைகளில் தினமும் அடிபட்ட வார்த்தைக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இது கப்பல் சொல். கனமான பொருளைக் கயிற்றில் கட்டித் தூக்குகிறவர்கள், அதைக் கீழே இறக்கும்போது சொல்வது. தூக்குவதற்கு வேறொரு சொல் வைத்திருந்தார்கள். அதை எழுதப் போவதில்லை. அது யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை.

கடலுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பிறந்தது ஸ்ரீரங்கம், படித்தது திருச்சி. எங்கள் ஊருக்கு இந்தப் பக்கம் காவிரி, அந்தப் பக்கம் கொள்ளிடம். வருஷத்தில் பாதி நாள் இரண்டிலும் மணல்தான். கப்பலைக் காலண்டர் படத்தில் பார்த்திருந்தேன், அவ்வளவுதான்.

அறுபதுகளின் தொடக்கத்தில் தமிழில் பட்டம் வாங்கிவிட்டு, வேலை கிடைக்காமல் ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். திருவெறும்பூர்ப் பக்கம் பெரிய தொழிற்சாலைகள் வருகின்றன என்று அவற்றை நம்பிச் சுற்றிலும் சின்னச் சின்னப் பட்டறைகள் முளைத்துக்கொண்டிருந்தன. அந்தப் பட்டறைகளுக்கு ஷெட் போட்டு, மிஷின்களை இறக்கி வைத்துக்கொடுக்கும் ஒரு கான்ட்ராக்டரிடம் டைம்கீப்பராகச் சேர்ந்தேன். யார் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார் என்று எழுதும் வேலை. காலையில் ஸ்ரீரங்கத்திலிருந்து சைக்கிள், சத்திரம் பஸ் ஸ்டாண்டில் அதைப் போட்டுவிட்டு பஸ். இலக்கணமும் இலக்கியமும் படித்தவன் வெயிலில் நின்று தலை எண்ணுகிறேனே என்று எனக்கு என் மேலேயே எரிச்சல். அந்த எரிச்சலைத் தணித்துக்கொள்ளத்தான் சொற்களைப் பொறுக்க ஆரம்பித்தேன். கொத்தனார் சொல், தச்சர் சொல், லாரிக்காரர் சொல் என்று ஒரு நோட்டுப் போட்டு எழுதினேன். அதை வைத்துப் பெரிய ஆராய்ச்சிக் கட்டுரை எழுதப் போவதாகப் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கனமான மிஷின்களைத் தூக்கி இறக்குவதற்கென்று நாகப்பட்டினத்திலிருந்து வந்த ஒரு கூட்டம் இருந்தது. கலாசிகள் என்பார்கள். எட்டுப் பேர். துறைமுகத்தில் வேலை குறைந்துபோய் உள்நாட்டுக்கு வந்தவர்கள். அவர்களுடைய தலைவரைச் சாரங்கு என்று கூப்பிடுவார்கள். ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான மனிதர், கட்டம் போட்ட கைலி, தலையில் துண்டு. கயிற்றை அவர் தொட்டு நான் பார்த்ததில்லை. அவர் வேலை தொண்டையில் இருந்தது. மூன்று பெரிய கம்பங்களை நட்டு, கப்பியில் கயிற்றை ஓட்டி, கயிறு சுற்றிய உருளையான வின்ச்சை நான்கு பேர் சுற்றுவார்கள். சாரங்கு தள்ளி நின்று சொல்வார். ஆரியா என்று இழுத்துச் சொன்னால் மெதுவாக இறங்க வேண்டும். வெட்டிச் சொன்னால் அந்த நிமிஷமே விட்டுவிட வேண்டும். எதற்கு, ஏன் என்று யோசிப்பதற்கு அவர்களுக்கு நேரம் கிடையாது. காது கேட்டதும் கை செய்துவிடும்.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. தினமும் காலையில், பாரம் எதுவும் மாட்டாமல் வெறும் கயிற்றைப் போட்டு, சாரங்கு இரண்டு சொல்லையும் ஒவ்வொரு தடவை சொல்வார். மற்றவர்கள் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்வார்கள். ‘கொரலு காட்டுறது’ என்று அதற்குப் பேர். அன்றைக்கு அவர் தொண்டை எப்படி இருக்கிறது என்று அவர்கள் கைகளுக்குத் தெரிய வேண்டும். ஜலதோஷம் பிடித்துக் குரல் கட்டிக்கொண்டால் அன்றைக்கு வேலை கிடையாது. கான்ட்ராக்டர் எவ்வளவு குதித்தாலும் கிடையாது. இன்னொருத்தரைச் சொல்லச் சொல்லுங்களேன் என்றால் சிரிப்பார்கள். வேலை இடத்தில் மட்டுமல்ல, வீட்டில்கூட மற்ற ஏழு பேரும் அந்தச் சொல்லை வாயில் போட மாட்டார்கள். கிணற்றில் வாளி இறக்கும்போது ‘விடு’ என்பார்கள்.

எனக்கு நாக்கு ஊறாமல் இருக்குமா? ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் நோட்டோடு அவரிடம் போய் உட்கார்ந்தேன்.

“பாய், ஆரியான்னா என்ன அர்த்தம்?”

“எறக்குன்னு அர்த்தம்.”

“அது தெரியுது. எந்த பாஷை?”

“கப்பல் பாஷைங்க.”

“எங்கேருந்து வந்துச்சு?”

“எங்க வாப்பாகிட்டேருந்து. அவருக்கு அவரோட சாரங்குகிட்டேருந்து. தோண்டிக்கிட்டே போனா கடல்லதான் போயி நிக்கும்.” சோற்றுக் கையை மடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். “சார், ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நோட்டுல எழுதிக்குங்க. வாயால சொல்லாதீங்க.”

சரி என்று தலையை ஆட்டினேன். மூடநம்பிக்கை என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். அவர் சொன்னதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன், வேடிக்கையான செய்தியாக.

இதோடு நின்றிருந்தால் நான் இன்றைக்கு இதை எழுத வேண்டியிருக்காது. எனக்கு ஒரு வித்தை தெரியும். யார் குரலையும் ஒரு வாரத்தில் பிடித்துவிடுவேன். கல்லூரி ஹாஸ்டல் விழாவில் பிரின்சிபால் குரலில் லீவு அறிவித்து, நிஜமாகவே பாதிப் பேர் பெட்டி கட்டிய பெருமை எனக்கு உண்டு. சாரங்கின் குரலை விட்டுவைப்பேனா? சாயங்காலங்களில் கொள்ளிடக் கரைக்குப் போய், ஆள் இல்லாத மணலைப் பார்த்துக் கத்திக் கத்திப் பழகினேன். அந்தக் கரகரப்பு, கடைசி எழுத்தை மூக்குக்குள் அழுத்துகிற விதம், எல்லாம் படிந்து வந்தது. தூரத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு ஒரே சந்தோஷம்.

அந்த நாள் மத்தியானம். ஒரு பட்டறையில் தகடு வளைக்கும் பெரிய மிஷினின் அடிப்பாகத்தை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பல டன் எடை. அஸ்திவாரத்துக்கு ஒரு சாண் மேலே அது தொங்கியது. அதை மட்டமாக உட்கார வைக்க, அடியில் சின்ன இரும்புத் தகடுகளைச் செருக வேண்டும். சாரங்கின் அக்கா மகன், இருபத்துநாலு வயதுப் பையன், கல்யாணமாகி ஆறு மாசம், குப்புறப் படுத்து இரண்டு கைகளையும் உள்ளே விட்டுத் தகடுகளைச் சரிசெய்துகொண்டிருந்தான். மாமன் சொல்லாமல் கயிறு அசையாது என்கிற நிச்சயம் அவனுக்கு. சாரங்கு கையைத் தூக்கியபடி வாயை மூடி நின்றார். எட்டுப் பேரும் மூச்சுவிடாமல் இருந்தார்கள்.

நான் அவர் முதுகுக்குப் பின்னால், பத்தடி தள்ளி, புதிதாகச் சேர்ந்த ஸ்டோர் கிளார்க்கோடு நின்றுகொண்டிருந்தேன். அவனுக்கு இந்த வேலையெல்லாம் புதுசு. என் ஆராய்ச்சியை அவனிடம் அளந்துகொண்டிருந்தேன்.

“அந்த ஆளு என்ன சொன்னா எறக்குவாங்க?” என்று கேட்டான்.

கீழே ஒருத்தன் கை விட்டிருக்கிறான் என்பது எனக்குத் தெரியும். அதை மறைத்து எழுத மாட்டேன். தெரியும், ஆனால் அந்தக் கணத்தில் அது எனக்கு ஒரு பொருட்டாக இல்லை. என் நினைப்பெல்லாம் குரல் சரியாக விழுமா என்பதில்தான் இருந்தது. சொன்னேன். இழுத்துக்கூட இல்லை, வெட்டிச் சொன்னேன்.

வின்ச்சில் இருந்த நான்கு பேரும் விட்டுவிட்டார்கள்.

சத்தத்தைப் பற்றி எழுத மாட்டேன். மறுபடியும் தூக்குவதற்கு சாரங்கு சொன்ன அந்த இன்னொரு சொல் மட்டும் காதில் இருக்கிறது. அவர் குரல் நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் அவர்கள் கை செய்திருக்காது. பையனை இழுத்து வெளியே போட்டு, லாரியில் ஏற்றி, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். போகும்போது சாரங்கு என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன் என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டதுண்டு. அவர் பார்த்தது, இந்த ஆள் யார் என்று தெரியாதது போல் இருந்தது.

சாயங்காலம், சாரங்கும் மற்றவர்களும் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு, கான்ட்ராக்டரின் என்ஜினீயர் வந்தார். எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து, “கயித்தை விடச் சொன்னது யாரு?” என்று கேட்டார். மீதி ஆறு பேரில் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. ஸ்டோர் கிளார்க் தரையைப் பார்த்தான். நான் கையிலிருந்த ஹாஜர் புத்தகத்தைப் புரட்டினேன்.

“நான்தான் சொன்னேன்” என்றார் சாரங்கு. “தப்பாச் சொல்லிட்டேன்.”

விபத்து ரிஜிஸ்தரில் எழுதுவது டைம்கீப்பரின் வேலை. என் வேலை. சாரங்கு தவறான சமயத்தில் உத்தரவு கொடுத்ததால் ஆளுக்குக் காயம் என்று, சந்திப்பிழை இல்லாமல், அழகான கையெழுத்தில் எழுதினேன். கீழே அவர் கையெழுத்துப் போட்டார். பேனாவை என்னிடம் திருப்பிக் கொடுக்கும்போது விரல் விரலில் பட்டது. அன்றிரவு வீட்டில் சாப்பிட உட்கார்ந்தேன். நன்றாகவே சாப்பிட்டேன். அதுதான் இன்றைக்கும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

பையனுக்கு இரண்டு கைகளையும் மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். பத்து நாள் கழித்துப் பார்க்கப் போனேன், ஒரு பை சாத்துக்குடியோடு. கட்டிலுக்குப் பக்கத்தில் அதை வைத்த பிறகுதான், இதை அவன் எப்படி உரிப்பான் என்று தோன்றியது. அவன் பெண்டாட்டி முக்காட்டை இழுத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். அவன் அழவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

“மாமா ஏன் சார் அப்பச் சொன்னாரு? நான் உள்ள கைய விட்டிருக்கறது அவருக்குத் தெரியுமே. என்னைத் தூக்கி வளத்தவரு சார்.”

அதற்குப் பதில் தெரிந்த ஆள் நான்தான். கட்டிலில் இருந்து ஒரு முழ தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

“தெரியலப்பா” என்றேன்.

அடுத்த வாரம் வேலையை விட்டேன். கலாசிக் கூட்டம் இன்னும் கொஞ்ச நாள் இருந்ததாகக் கேள்வி. சாரங்கு அதன் பிறகு குரல் காட்டவே இல்லையாம். ஒரு ஆளைக் கெடுத்த சொல்லை அதே வாய் மறுபடி சொல்லக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். வேறொருவரைச் சாரங்காக வைத்துப் பார்த்திருக்கிறார்கள். கைகள் அவருக்குப் படியவில்லை. ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்து போய்விட்டார்கள்.

எனக்கு ஸ்ரீரங்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர் வேலை கிடைத்தது. வாத்தியாராகி இரண்டு வருஷம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுவிட்டு உள்ளே படுத்திருந்தேன். வாசலில் யாரோ என் வேலையைச் சொல்லி, பழைய டைம்கீப்பர் வீடு இதுவா என்று கேட்டார்கள். அந்தக் குரலை எனக்குத் தெரியாதா? உலகத்தில் அந்தக் குரலை அதிகமாகப் படித்தவன் நான்தானே. ஊரைக் கூட்டி நியாயம் கேட்க வந்திருக்கிறார், என் வேலை போய்விடும், இவ்வளவுதான் புத்தியில் ஓடியது.

அம்மா உள்ளே வந்து, “யாரோ பாய் வந்திருக்காருடா. ஒன்னத்தான் கேக்கறாரு” என்றாள்.

“ஊர்ல இல்லேன்னு சொல்லும்மா. எப்ப வருவேன்னு தெரியாதுன்னு சொல்லு.”

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்ச் சொன்னாள். அவர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். மறுபடி வரவில்லை. கொஞ்ச நாளில் எனக்கு ஒரு சமாதானமும் கிடைத்துவிட்டது. என்னைக் காட்டிக்கொடுக்கிற மனுஷனாக இருந்தால் அன்றைக்கே காட்டிக்கொடுத்திருப்பார். என் படிப்பையும் வயதையும் பார்த்து இரக்கப்பட்டுத்தான் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டார். இப்படி ஒரு மகானை மனதில் செய்து வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

சொல்லின் பிறப்பு கிடைத்தது அதற்கும் இரண்டு வருஷம் கழித்து. வேறு எதற்கோ ஒரு நூலகத்தில் பழைய அகராதி ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கண்ணில் பட்டது. போர்த்துக்கீசியக் கப்பல்களில் பாயை இறக்கு, கயிற்றைத் தளர்த்து என்று சொல்கிற சொல். அவர்கள் நாகப்பட்டினம் வரை வந்து, நம் கரை ஆட்களை ஏற்றிக்கொண்டு போனபோது சொல்லும் கூடவே ஏறிக்கொண்டது. தளத்தில் நிற்கிறவர்களில் ஒருத்தன் தமிழ், ஒருத்தன் மலையாளம், ஒருத்தன் அரபு. யாருக்கும் யார் பேச்சும் புரியாது. காற்று அடிக்கிறபோது விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அதனால் எல்லாருக்குமாக ஒரு சொல், அதைச் சொல்ல ஒரு வாய். மற்றவர்களுக்குப் பொருள் தெரிய வேண்டாம், குரல் தெரிந்தால் போதும். கப்பல்காரன் போய்விட்டான், பாய்மரம் போய்விட்டது, சொல் மட்டும் கரையேறி ரயில் பிடித்துத் திருவெறும்பூர் வந்து, கடைசியில் என்னிடம் வந்து மாட்டியது. அகராதிக்காரர் அதற்கு நாலு வரிதான் ஒதுக்கியிருந்தார். அதை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

சாரங்கு திருச்சி மரக்கடைப் பக்கம் ஒரு மர டிப்போவில் காவலாளாக இருப்பதாக பஸ்ஸில் ஒருத்தர் சொல்லித் தெரிந்தது. பகல் வேளையில் போனேன். தேக்குக் கட்டைகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். தாடி வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

“வாங்க சார்” என்றார்.

தாளை எடுத்துப் படித்துக் காட்டினேன். சொல்லை மட்டும் விட்டுவிட்டுப் படித்தேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

“போர்த்துக்கீசுக்காரனா? இருக்கும்” என்றார். “எறக்குன்னுதான போட்டிருக்கு? அதான் நானும் சொன்னேன்.”

பிறகு தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, நாலு வருஷமாக நெஞ்சில் வைத்திருந்ததைச் சொன்னேன். “பாய், அன்னிக்கு எனக்காக நீங்க பழியை ஏத்துக்கிட்டீங்க. அந்த நன்றிய நான்…”

“உங்களுக்காகவா?” நிஜமாகவே புரியாமல் கேட்டார். “உங்களுக்காகச் சொல்லலைங்க சார். வேற ஒருத்தன் கொரலுக்குக் கயித்த விட்ட கூட்டம்னு வெளிய தெரிஞ்சா, அந்தக் கயித்துக்கு அடியில அப்புறம் எவன் நிப்பான்? ஏழு குடும்பம் சார். சாரங்கு தப்பாச் சொன்னான்னா என்னோட போயிரும்.”

என் மகான் அந்த இடத்திலேயே காணாமல் போனார். எதையாவது கேட்க வேண்டுமே என்று, “மருமகன் எப்படி இருக்காரு?” என்றேன்.

“போன வருஷம் மௌத்தாயிட்டான். காச்சல்னு படுத்தான், போயிட்டான்.” துண்டை எடுத்துத் தோளில் போட்டார். “கூட்டம் கலைஞ்சப்புறம் அவங்கிட்ட நடந்ததச் சொன்னேன். அக்கா வீட்டு வாசல்ல நின்னு சொன்னேன். நம்பல. ரிஜிஸ்தர்ல கையெழுத்துப் போட்டது நீதானன்னு கேட்டான். டைம் ஆபீஸ் சார் வந்து சொல்லட்டும், நம்பறேன்னான். அதுக்குத்தான் உங்களத் தேடி ஸ்ரீரங்கம் வந்தேன். உங்கள ஒண்ணும் செய்ய இல்ல. ஒரு நட நாகப்பட்டினம் கூட்டிட்டுப் போகலாம்னு.”

அவன் கடைசி வரைக்கும் இவரோடு பேசவில்லையாம். மண்ணு போடப் போனபோதுதான் முகத்தைப் பார்த்தாராம்.

“நான் என்ன செய்யணும், சொல்லுங்க பாய்” என்றேன். அழுதுகொண்டுதான் சொன்னேன். அந்த அழுகை யாருக்கும் பிரயோஜனமில்லை என்று தெரிந்தும் நிற்கவில்லை.

“ஒண்ணும் வேணாம். அந்தச் சொல்ல மட்டும் என் கொரல்ல சொல்லாதீங்க.”

சரி என்றேன். இந்தத் தடவை மனதுக்குள் சிரிக்கவில்லை. கேட் வரைக்கும் கூட வந்தார். நான் தெருவில் இறங்கிய பிறகு பின்னாலிருந்து கூப்பிட்டார்.

“சார், அன்னிக்கு நீங்க வீட்டுலதான் இருந்தீங்க. அம்மாகிட்ட உள்ள பேசினீங்க. கொரலு கேட்டுச்சு.”

அவ்வளவு சொல்லிவிட்டு கேட்டைச் சாத்திக்கொண்டார்.